பிசின் ஆலை வளவு

தூத்துக்குடி,
1959, புரட்டாசி மாதக் கடைசி

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்குச் சீனித்தாய் கும்பிட்டு எழுதிக்கொண்டது. செந்தூரான் புண்ணியத்தில் நானும் வடிவும் குறையில்லாமல் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்தது. சானடோரியம் தோட்டத்தைச் சுற்றிக் காலையில் நடக்கிறீர்கள், சோறு செல்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்ததை வடிவு சத்தமாக வாசித்தாள். நான் மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். இங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்த மனுஷன் படுத்துத் தூங்குகிறார் என்றால் எனக்கு அதைவிட வேறு செய்தி வேண்டாம். போய் மாதம் இரண்டு ஆவதற்குள் இவ்வளவு குணம் என்றால் காசநோயும் தீருகிற நோய்தான் போலிருக்கிறது. டாக்டர் சொல்கிறபடி கேளுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஆலைக்கு வேலைக்குப் போகிறேன். நீங்கள் போன மறுவாரமே மேஸ்திரி பேச்சிமுத்து அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "இந்த வளவு வீடெல்லாம் ஆலையில வேல செய்யுதவங்களுக்குத்தான் தாயி. வீட்டுக்கு ஒரு ஆளாவது வரணும். இல்லன்னா மொதலாளி சாவியக் கேப்பாவ" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். மாவு சலிக்கிற சல்லடைக்குப் போகவில்லை, பயப்படாதீர்கள். மூட்டை அடுக்குகிற கிட்டங்கியில் பெண்களோடு உட்கார்ந்து பிசின் பொறுக்குகிற வேலை. பக்கத்து வீட்டு மரியசெல்விக்கு அடுத்த இடம்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, எனக்குத்தான் எல்லாம் புதிதாக இருக்கிறது. உடன்குடியில் சின்னப் பெண்ணாக இருந்தபோது செம்மணல் தேரிக்காட்டு உடைமரத்தில் பிசின் எடுத்திருக்கிறேன். ஐயா அரிவாளால் பட்டையில் லேசாகக் கீறிவிடுவார். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக உறைந்து நிற்கும். மழை தப்பிய வருஷம்தான் மரம் நிறையக் கொடுக்கும். அந்தப் பிசினை வாயில் போட்டுக் கரைப்போம். இங்கே ரயிலில் வருகிற வடக்கத்தி மலைக்காட்டுப் பிசின் வேறு சாதி. தண்ணீரில் போட்டால் கரையாமல் ஊதிப் பெருத்து நிற்கிறது. மூட்டையைப் பிரித்ததும் காடி புளித்த வாசனை. பட்டையும் மண்ணும் நீக்கி, வெளுப்பு தனியாக, மஞ்சள் தனியாக, கறுப்பு தனியாகப் பிரிக்கிறோம். சீமையில் வயசானவர்கள் பொய்ப்பல்லை ஈறில் ஒட்டவைக்க, ஆலையில் இதை அரைத்து எடுக்கிற மாவைத்தான் தடவுகிறார்களாம். மேஸ்திரி சொன்னதும் மரியசெல்வி சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

நீங்கள் நின்ற சல்லடையில் இப்போது ஏசுவடியான் நிற்கிறான். தலை, புருவம், மீசை எல்லாம் மாவு. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நம் வடிவு கல்யாண விஷயம். அவளைத் தன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிற இசக்கியப்பன் அண்ணாச்சி திருச்செந்தூரிலிருந்து சொல்லி அனுப்பினார். தை மாதம் பரிசம் போட்டுவிடலாம், பையனும் தேங்காய்க்கடையைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்றார். உங்களை எங்கே என்று கேட்டதற்கு, மேற்கே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை கிடைத்துப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? காசம் என்ற சொல் காதில் விழுந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

மலையடிவாரத்தில் குளிர் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போர்த்துகிற ஜமுக்காளத்தையும் இரண்டு துண்டையும் ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். புது ஜமுக்காளம் அனுப்பலாம் என்றாள் வடிவு. பழகின போர்வை இருந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று அதையே கட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முருகன் காப்பான்.

இப்படிக்கு,
சீனித்தாய்


தூத்துக்குடி,
மார்கழி

அத்தான் அவர்களுக்குச் சீனித்தாயின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கவா அழவா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆசையாகக் கட்டி அனுப்பிய ஜமுக்காளம் உங்கள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்திருக்கிறது. அதை உதறிய கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்து, பழையபடி மூச்சு இழுத்து, வார்டே கூடிவிட்டது என்று வாசித்ததும் செந்தூரானுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். ஆனால் அந்த ஜமுக்காளம் வந்திராவிட்டால் பெரிய டாக்டருக்கு விஷயம் தெரிந்திருக்காது. மடிப்பிலிருந்து உதிர்ந்த வெள்ளை மாவைப் பார்த்து இது என்ன என்று கேட்டாராமே. சளியில் எத்தனை தடவை பார்த்தும் கிருமி இல்லை, எக்ஸ்ரே படத்திலும் நெஞ்சு சுத்தம், உனக்குக் காசமே இல்லை, பிசின் தூள்தான் உனக்குச் சத்துரு என்று அவர் வாயால் சொன்னதை நீங்கள் எழுதிய வரி வரியாக மனப்பாடம் செய்துவிட்டேன். இங்கே பார்த்த டாக்டர் இழுப்பையும் இருமலையும் பார்த்துக் காசம் என்று சொன்னது எவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்.

டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதத்தை நீங்கள் அனுப்பியது தக்க சமயத்தில் வந்தது. ஏனென்றால் இதற்குள் திருச்செந்தூரில் தெரிந்துவிட்டது. பார்சல் ஆபீஸ் குமாஸ்தா இசக்கியப்பன் அண்ணாச்சிக்குச் சொந்தமாம். சானடோரியம் விலாசத்தைப் பார்த்திருக்கிறார். அவர்களிடமிருந்து பேச்சு மூச்சே இல்லாமல் போனபோதே எனக்குச் சந்தேகம்தான்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நானே போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து வைத்த தம்ளரைப் பையனின் அம்மா இரண்டு விரலால் எடுத்துப் போய்க் கொல்லையில் கவிழ்த்து வைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இசக்கியப்பன் அண்ணாச்சி காகிதத்தை நிதானமாக வாசித்தார். "டாக்டர் நல்லாத்தான் எழுதியிருக்காவ. ஆனா எங்கிட்ட எஸ்டேட்டுன்னு சொன்னதும் நீதான தாயி? இப்ப நான் எத நம்பட்டும்?" என்று கேட்டார்.  காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்: "ஆள நேர்ல பாத்தாப் போதும். நடந்து வரட்டும், எங்ககூட உக்காந்து சாப்புடட்டும், நாலு வார்த்த பேசட்டும். நல்லா இருக்காருன்னு நாலு பேருக்கு நான் சொல்ல முடியும்லா?"

அப்படியானால் கோயிலில் வைத்துப் பார்க்கலாம், நாங்கள் திருச்செந்தூருக்கே வருகிறோம் என்று சொன்னேன். அந்த அம்மாள் உள்ளேயிருந்தே, "ஒளிச்சு மறச்சதெல்லாம் போதும். வீட்டுல வச்சுத்தான் பாக்கணும். பொண்ணு வீட்ட நாங்களும் பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டாள். பொய் சொன்னவள் நான். அதற்கு மேல் எப்படி வாதாட?

ஆகவே பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். ஞாயிறு ஆலை ஓடாது. வீட்டை முன்கூட்டியே கழுவி, ஓட்டிலும் சுவரிலும் ஒட்டியிருக்கிற தூளை எல்லாம் துடைத்து வைக்கிறேன். நீங்கள் அன்று காலை ரயிலில் வந்து இறங்கினால் போதும், சாயந்திரமே திரும்பிவிடலாம். அந்த ஒரு பகல் மட்டும் நல்லபடியாகக் கழிந்தால் நம் பெண் கரையேறிவிடுவாள்.

வடிவு புதுச் சேலைக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் அவள் முகம் தெளிந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆலைப் பக்கமே கொண்டுபோகாமல் மரியசெல்வியின் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
சீனித்தாய்


தூத்துக்குடி,
தை மாதக் கடைசி

அத்தான் அவர்களுக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, நாலைந்து நாளில் மூச்சு சீராகிவிட்டது என்று அறிந்து நிம்மதி. அன்று வெளியே என்ன நடந்தது, என்ன பேசினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களுக்குத் தெரியாமல் இருப்பதும் சரியில்லை.

பிசின் மாவு ஏற்றிப் போகிற கப்பல் சனிக்கிழமையே வந்துவிட்டது உங்களுக்குத் தெரியாது. அது வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஞாயிறும் ஆலை ஓடும் என்று கேட்டதும் நான் மேஸ்திரி வீட்டுக்கு ஓடினேன். மத்தியானம் வரைக்குமாவது நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினேன். "கப்பல் வெளிக்கடல்ல நிக்கி. சரக்கேத்துத தோணியெல்லாம் துறைப் பாலத்துல காத்துக் கெடக்கு. நான் எதத் தாயி நிறுத்த? உச்சிக்குள்ள முடிச்சு அனுப்பிரு, அதுவரைக்கும் அரைக்கத மட்டும் தள்ளிப் போடுதேன்" என்றார். அந்த அளவுக்குச் செய்தார். சன்னலை எல்லாம் அடைத்து, வாசலில் ஈரச்சேலை தொங்கவிட்டிருந்தது அதற்காகத்தான். வெயிலுக்கு என்று அவர்களிடம் சொன்னேன்.

நீங்கள் அன்று எவ்வளவு நன்றாக இருந்தீர்கள். மலைப்பக்கத்து மழையைப் பற்றியும் தோட்டத்துக் குரங்குகளைப் பற்றியும் நீங்கள் சொல்ல, இசக்கியப்பன் அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். வடிவு காப்பி கொண்டுவந்தபோது அந்த அம்மாள் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் தட்டு மாற்றிக்கொள்ள நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்ததில்தான் உச்சி தாண்டிவிட்டது.

ஆலை ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாடைக்காற்று நேராக நம் வீட்டுக்குத்தான் அடித்தது. வெற்றிலை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனீர்கள், திரும்பி வரவில்லை. உள்ளே உங்கள் மூச்சு இழுத்த சத்தத்தில் உங்களுக்கு வெளியே நடந்தது எதுவும் கேட்டிருக்காது.

முதலில் அந்த அம்மாள்தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். பையன் பதறி உள்ளே வர அடி எடுத்து வைத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பையன் நல்லவன். நின்றுவிட்டான், அவ்வளவுதான். நான் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஆலையைக் காட்டினேன், சன்னலைத் திறந்து காற்றில் வருகிற தூளைக் காட்டினேன். வெயிலில் அது மினுங்கியது. அவர்கள் தூளைப் பார்க்கவில்லை, உள்அறைக் கதவைத்தான் பார்த்தார்கள்.

இசக்கியப்பன் அண்ணாச்சி மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "தாயி, நீ சொல்லுதது நெசமாக்கூட இருக்கும். ஆனா இவனுக்குப் பொறவு எனக்கு ரெண்டு பொண்ணு இருக்காளுவ. ஊரு வாய நான் எப்புடி அடைக்க?" என்றார். என் தலையில் கை வைக்கிற மாதிரி கையைத் தூக்கினார். பிறகு வைக்காமல் எடுத்துக்கொண்டார். அந்தக் கை பாதியில் நின்றதுதான் அத்தான், இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கொண்டுவந்த தட்டை எடுத்துப் போனார்கள். மல்லிகைப் பூவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். வடிவு அதைத் தொடவில்லை. மரியசெல்வி மாதா கோயிலுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வடிவும் ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டினாள். "ஏளா, நீ எங்க கெளம்புத?" என்று கேட்டதற்கு, "அதான் எல்லாம் முடிஞ்சிட்டுல்லா. வீட்டுல ஒத்தயில இருந்து என்ன செய்ய?" என்றாள். தடுக்க என்னால் முடியவில்லை. ஏசுவடியான் தோணி வேலைக்குப் போய்விட்டதால் ஆலையில் ஒரு இடம் காலியாக இருந்தது. மேஸ்திரியிடம் பேசி அவளுக்குக் கிட்டங்கியில் மரியசெல்வி பக்கத்தில் என் இடத்தையே வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எனக்கு வேறு இடம். நின்றபடி செய்கிற வேலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடன்குடியில் என் தம்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். அவனுக்கு மனசு உண்டு, அவன் பெண்டாட்டிக்குக் கைக்குழந்தை இருக்கிறது, பயப்படுகிறாள். உப்பளத்திலும் கேட்டேன். உன் புருஷன் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அங்கேயும் கேட்டார்கள். நாங்கள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் மனசு ஒடிய வேண்டாம். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.

சீனித்தாய்


தூத்துக்குடி,
1960, சித்திரை

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

சீனித்தாய் சொல்ல, வடிவு எழுதுகிறாள். வலது கை சுளுக்கிக்கொண்டது. வேறொன்றும் இல்லை.

சானடோரியத்திலேயே உங்களுக்கு வாசல் காவல் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிந்து சந்தோஷம். ஆண் ஆட்களோடு தங்க ஒரே அறைதான், குடும்பம் வைக்க இடமில்லை என்று பெரிய டாக்டர் சொன்னதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த மட்டில் அவர் செய்தது பெரிது. ஆனால் அந்த வேலையை விட்டுவிட்டு வருகிறேன், சல்லடையில் நானே நிற்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருங்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன பேச்சு? எத்தனை நாள் நிற்பீர்கள்? நம் மூன்று பேரில் ஒருவராவது நல்ல காற்றில் இருக்கிறோம் என்ற எண்ணத்தில்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன்.

போன ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. தேரிக்காட்டில் உடைமரம் எல்லாம் பட்டை வெடித்துப் பிசின் விட்டிருக்கிறதாம். வடக்கேயும் அப்படித்தான் போலிருக்கிறது. கிட்டங்கியில் மூட்டை கூரை ஓட்டைத் தொடுகிறது. ஆலைக்கு ஓய்வே இல்லை. வெக்கை தாங்காமல் நான் இப்போது வாசலில் சுவரோரம் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறேன். வடிவுக்கு வேலை பழகிவிட்டது. காலையில் கொஞ்சம் தும்முகிறாள். தலைக்குக் குளித்தால் சரியாகிவிடும்.

ஒரு நல்ல செய்தி. தருவைகுளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவர், நம் ஆட்கள்தான், வடிவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். முதல் மனைவி தவறி இரண்டு வருஷமாகிறது. குழந்தை ஒன்று. வயசு கூடத்தான். ஆனால் வீடு கடலைப் பார்த்து இருக்கிறது. கடல் காற்றைத் தவிர வேறு காற்று அந்த வீட்டுக்குள் வராது என்று போய்ப் பார்த்துவந்த மரியசெல்வி சொன்னாள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. வடிவும் சரி என்று சொல்லிவிட்டாள்.

அவர்களிடம் நீங்கள் எஸ்டேட்டில் இருப்பதாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லையா என்று நினைப்பீர்கள். உண்மையைச் சொல்லியும் பார்த்தாகிவிட்டதே அத்தான். வைகாசியில் முகூர்த்தம். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க என் தம்பி நிற்பதாகச் சொல்லிவிட்டான். லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் வர வேண்டாம். பந்தலில் வைத்து உங்களுக்கு மூச்சு இழுத்தால் இதுவும் போய்விடும். அதன் பிறகு இவளுக்கு இந்த வளவுதான், இந்தத் தூள்தான்.

முகூர்த்தம் அன்று காலையில் நீங்கள் அங்கேயே கிழக்கே பார்த்து நின்று, பிள்ளைக்குத் திருநீறு பூசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். செந்தூரான் அதை இங்கே கொண்டுவந்து சேர்ப்பான். என்னைப் பற்றி நினைக்க வேண்டாம். உங்களுக்காக எடுத்து வைத்த வேட்டி பத்திரமாக இருக்கிறது.

எப்போதும் உங்கள் நலத்தையே வேண்டும்,
சீனித்தாய்

அப்பாவுக்கு வடிவு எழுதுவது. அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். சுளுக்கு எதுவும் இல்லை அப்பா. தை மாதத்திலிருந்து அம்மாதான் சல்லடையில் நிற்கிறாள். குனிந்து எழுதினால் மூச்சு முட்டுகிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் வர மறுக்கிறாள். அந்தச் சொல்லை இன்னொரு தடவை நம் வீட்டுக்குள் கூட்டி வரவா என்று கேட்கிறாள். நான் தருவைகுளம் போன பிறகு இந்த வீட்டில் அம்மா ஒத்தையில்தான் இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு நீங்கள் வரக்கூடாது என்பதை மூன்று இடத்தில் எழுதச் சொன்னாள். என்னால் ஒரு இடத்தில்தான் எழுத முடிந்தது.

உங்கள் மகள்,
அருணாசலவடிவு